ஒரே நிறம், இரண்டு சாய்வு: பாராசூட் வீரர்களின் தொப்பிக்குப் பின்னால்

புதுச்சேரி கடற்கரைச் சாலையில் காந்தி சிலைக்கு எதிரே இருக்கும் பிரெஞ்சுப் போர் நினைவுச்சின்னத்தில், ஜூலை 14 அன்றும் நவம்பர் 11 அன்றும் பழைய பட்டாளத்துக்காரர்கள் கூடுவார்கள். முதல் உலகப்போரில் இறந்த பிரெஞ்சிந்திய வீரர்களுக்காக எழுப்பி 1938இல் திறந்த சின்னம் அது. வருகிற கூட்டம் மாலை வைப்பதையும் மெடல்களையும் பார்க்கும். நான் தலைகளைப் பார்ப்பேன். மெரூன் நிற பெரே (விளிம்பில்லாத வட்டக் கம்பளித் தொப்பி) யார் தலையிலாவது தென்பட்டால், அது எந்தக் காதுப் பக்கம் இறங்கியிருக்கிறது என்று கவனியுங்கள். பிரெஞ்சுப் பாராசூட் படையில் இருந்தவர் என்றால் துணி இடது காதை நோக்கிச் சரிந்திருக்கும்; சின்னம் வலது கண்ணுக்கு மேலே இருக்கும். இந்திய ராணுவத்தின் பாராசூட் ரெஜிமென்டில் இருந்தவரை ஒரு குடியரசு தின விழாவில் பார்த்தால் எல்லாம் நேர் எதிர். துணி வலப்பக்கம், சின்னம் இடது கண்ணுக்கு மேல். நிறம் மட்டும் ஏறக்குறைய ஒன்றே.

நிறம் ஒன்றாக இருப்பது தற்செயல் இல்லை. இருவருக்கும் அது ஒரே இடத்திலிருந்து, 1942இல் இங்கிலாந்தில் தொடங்கிய வழக்கத்திலிருந்து வந்தது. வந்தபிறகு அவரவர் வழக்கப்படி சாய்த்துக்கொண்டார்கள். பிரெஞ்சுப் பட்டாளமும் பிரிட்டிஷ் வழி வந்த பட்டாளமும் பக்கத்துப் பக்கத்துத் தெருவில் பென்ஷன் வாங்கும் ஊர் இது என்பதால், அந்த வித்தியாசத்தைக் கண்ணால் பார்க்க இதைவிட நல்ல இடம் கிடையாது.

பாராசூட் வீரனின் தலையில் இரண்டு பொருள்கள் ஏறுகின்றன என்பதை முதலில் பிரித்துக்கொள்ள வேண்டும். குதிக்கும்போது அணிவது ஹெல்மெட். பெரே தரையில் அணிவது. பெரே அணிந்துகொண்டு யாரும் விமானத்திலிருந்து போருக்குக் குதிப்பதில்லை. காற்று முதலில் அதைத்தான் பறித்துக்கொண்டு போகும்.

ஹெல்மெட்டின் கதை முழுக்க முழுக்கத் தொழில்நுட்பம். 1930களில் ஜெர்மனி பாராசூட் படையைக் கட்டியபோது, சாதாரணக் காலாட்படை ஹெல்மெட்டின் முன்விளிம்பும் கழுத்தை மூடும் பின்விளிம்பும் தொல்லை கொடுத்தன. குடையின் கயிறுகள் அதில் மாட்டலாம்; குதிக்கும் வேகத்தில் காற்று உள்ளே புகுந்து தலையையே பின்னால் இழுக்கலாம். விளிம்பை வெட்டி எறிந்துவிட்டு, உள்ளே தடிமனான மெத்தையும் தாடைக்குக் கீழே கவட்டையாகப் பிரியும் தோல்பட்டையும் வைத்தார்கள். 1938 மாதிரி என்று சேகரிப்பாளர்கள் இன்று பெருந்தொகை கொடுத்து வாங்குவது அதைத்தான்.

பிரிட்டனுக்குச் சிக்கல் வேறு. 1940இல் மான்செஸ்டருக்கு அருகே ரிங்வேயில் பயிற்சி தொடங்கியபோது அவர்களிடம் இருந்தது விட்லி என்ற பழைய குண்டுவீச்சு விமானம். அதில் கதவு வழியாக அல்ல, தரையில் வெட்டிய ஓட்டை வழியாகக் குதிக்க வேண்டும். கொஞ்சம் முன்னால் சாய்ந்துவிட்டால் ஓட்டையின் எதிர் விளிம்பில் முகம் மோதும். பல் போகும், மூக்கு உடையும். வீரர்கள் இதற்கு 'மணி அடிப்பது' என்று கிண்டலாகப் பெயர் வைத்தார்கள். பயிற்சிக்கு ரப்பர் மெத்தை வைத்த துணித் தொப்பி வந்ததும், போருக்கு விளிம்பில்லாத எஃகு ஹெல்மெட் வந்ததும் இப்படி அடிபட்டுக் கற்ற பாடத்தில்தான். அமெரிக்கர்கள் வழக்கமான ஹெல்மெட்டையே எடுத்துத் தாடைப்பட்டையை மட்டும் மாற்றினார்கள். பட்டையைக் கோக்கும் கம்பி வளையம் அடிக்கடி ஒடிந்ததால், போர் முடியும் தறுவாயில் அசையும் வளையத்தோடு புதிய மாதிரி வந்தது.

அந்த அமெரிக்க ஹெல்மெட்டில் இன்னொரு விஷயம் உண்டு. இருட்டில், தெரியாத வயலில், சிதறி விழுந்த பிறகு ஒருவரை ஒருவர் எப்படி அடையாளம் காண்பது? விமானத்திலிருந்து இறங்கிப் போரிடும் 101ஆவது வான்வழிப் படை டிவிஷன் சீட்டுக்கட்டைப் பிடித்துக்கொண்டது. 506ஆவது ரெஜிமென்டுக்கு ஸ்பேட், 502க்கு ஆர்ட்டின், 501க்கு டைமண்ட், எஞ்சின் இல்லாத விமானமான கிளைடரில் வந்த 327க்கு கிளாவர். ஹெல்மெட்டின் பக்கவாட்டில் வெள்ளை பெயின்ட். அதற்குப் பக்கத்தில் ஒரு சின்னக் கோடு. கோடு கடிகாரத்தில் மூன்று மணி இருக்கும் இடத்தில் இருந்தால் முதல் பட்டாலியன், ஆறு மணியில் இருந்தால் இரண்டாவது, ஒன்பதில் இருந்தால் மூன்றாவது, பன்னிரண்டில் என்றால் தலைமையகம். எழுத்தே இல்லாமல், ஒரு பார்வையில் எதிரே நிற்பவன் எந்தப் பிரிவு என்று தெரிந்துவிடும். பட்டாளச் சின்னங்களில் இவ்வளவு புத்திசாலித்தனமானது வேறு உண்டா என்று எனக்குச் சந்தேகம்தான். பெரும்பாலான சின்னங்கள் பெருமைக்காக இருப்பவை. இது வேலைக்காக இருந்தது.

சரி, பெருமைக்காக இருப்பதற்கு வருவோம்.

பெரே பிரான்சின் தென்மேற்கு மூலையில், பிரனே மலையடிவாரத்து ஆட்டிடையர்களின் தொப்பி. 19ஆம் நூற்றாண்டின் இறுதியில் பிரான்சின் மலைப்படை அதை எடுத்துக்கொண்டது. அவர்களுடையது தோசைக்கல் அகலத்துக்கு இருக்கும். 1918இல் பிரெஞ்சு மலைப்படையின் ஒரு பட்டாலியன் பிரிட்டிஷ் டாங்கிப் படையோடு சேர்ந்து பயிற்சி எடுத்தபோது, டாங்கித் தளபதி ஹியூ எல்லஸ் கண்ணில் அது பட்டது. டாங்கிக்குள் விளிம்புத் தொப்பி இடிக்கும், கிரீஸ் படும். பெரே மடக்கினால் பாக்கெட்டில் போய்விடும். அளவைக் குறைத்து, கிரீஸ் தெரியாத கறுப்பு நிறத்தில் 1924இல் பிரிட்டிஷ் டாங்கிப் படை அதை அதிகாரபூர்வமாக ஏற்றது. பிரிட்டிஷ் பட்டாளத்துக்குள் பெரே நுழைந்தது இந்த வழியில்தான்.

அப்புறம் பிரவுனிங் வருகிறார். 1941இன் இறுதியில் பிரிட்டனின் வான்வழிப் படைப் பிரிவுகளுக்குத் தளபதியானவர் ஃபிரடெரிக் பிரவுனிங். அரச காவல் (கார்ட்ஸ்) ரெஜிமென்டிலிருந்து வந்தவர், உடை விஷயத்தில் மகா கறார், தன் சீருடையைத் தானே வடிவமைத்துத் தைத்துக்கொண்டவர். அவருடைய சிக்கல் இதுதான்: கையிலிருந்தவர்கள் எல்லாம் வெவ்வேறு ரெஜிமென்டுகளிலிருந்து தாமாக முன்வந்தவர்கள். ஒவ்வொருவன் தலையிலும் வெவ்வேறு தொப்பி, வெவ்வேறு சின்னம். இருநூறு ஆண்டு வரலாறு பேசும் ரெஜிமென்டுகளுக்கு நடுவே நேற்றுப் பிறந்த படை இது. அவர்களை ஒரே படை என்று அவர்களே நம்ப ஏதாவது ஒன்று வேண்டும். 1942இல் மெரூன் பெரே வந்தது.

நிறத்தைத் தேர்ந்தெடுத்தது பிரவுனிங்கின் மனைவி, நாவலாசிரியர் டாப்னே து மோரியே என்று ஒரு கதை எல்லா இடத்திலும் உலவுகிறது. அந்த அம்மாவே அது உண்மையில்லை என்று மறுத்திருக்கிறார். ஆனாலும் கதை சாகவில்லை. தோள்சின்னத்தின் கதையில் இந்தக் குழப்பம் இல்லை. எட்வர்ட் சீகோ என்ற ஓவியர் வரைந்தது அது. சிறகுள்ள குதிரை பெகாசஸ், அதன் மேல் ஈட்டியோடு வீரன் பெலரோபோன். கிரேக்கப் புராணத்தில் வானிலிருந்து போரிட்டவன் என்பதால் அவன். மெரூன் பின்னணியில் வெளிர்நீலம். 1944 ஜூன் 6 அதிகாலையில் நார்மண்டியில் பெனுவில் ஊரின் கால்வாய்ப் பாலத்தைக் கிளைடரில் இறங்கிப் பிடித்தார்கள் இந்தச் சின்னம் அணிந்தவர்கள். அந்தப் பாலத்துக்கே பின்னர் பெகாசஸ் பாலம் என்று பெயர் வைத்துவிட்டார்கள். தோளில் தைத்த துணித்துண்டின் பெயர் ஒரு பாலத்துக்குப் போனது!

மெரூன் பெரே முதலில் சண்டை பார்த்தது 1942 நவம்பரில், வட ஆப்பிரிக்காவில். அங்கே ஜெர்மானியர்கள் 'சிவப்புப் பிசாசுகள்' என்று பெயர் கொடுத்ததாக பிரிட்டிஷ்காரர்கள் பெருமையாகச் சொல்லிக்கொள்வார்கள். எதிரி வைத்த பட்டப்பெயரைப் பதக்கம் மாதிரி எடுத்து மாட்டிக்கொள்வது எல்லாப் பட்டாளத்துக்கும் உள்ள வியாதி.

இதே காலத்தில் எகிப்துப் பாலைவனத்தில் எஸ்.ஏ.எஸ். (ஸ்பெஷல் ஏர் சர்வீஸ்) என்ற பிரிட்டனின் சிறு படை உருவாகிக்கொண்டிருந்தது. அவர்கள் முதலில் வைத்துக்கொண்டது வெள்ளை பெரே. விடுமுறையில் கெய்ரோ தெருவில் அதை அணிந்து போனால் மற்ற பட்டாளத்துக்காரர்கள் விசிலடித்தார்கள். அடிதடி ஆனது. மணல் நிறத்துக்கு மாறினார்கள். 1944இல் வான்வழிப் படைத் தலைமையின் கீழ் வந்தபோது மெரூன் அணியச் சொல்லி உத்தரவு. அவர்களின் தளபதிகளில் ஒருவரான பேடி மேய்ன் கடைசிவரை பழைய மணல் நிறத்தை விடவில்லை. தொப்பி நிறத்துக்காக மேலதிகாரி உத்தரவை மீறுவதா என்று நமக்குத் தோன்றும். அவர்களுக்கு அது உயிர்ப் பிரச்சினை.

இந்த எஸ்.ஏ.எஸ். வழியாகத்தான் நிறம் பிரெஞ்சுக்காரர்களுக்குப் போனது. 1940இல் பிரான்ஸ் ஜெர்மனியிடம் விழுந்ததும் லண்டனுக்குத் தப்பிய சிலரைச் சேர்த்து ஜெர்மனிக்கு எதிரான போரைத் தொடர்ந்த தளபதி தெகோலின் தரப்பு ஒரு சிறிய பாராசூட் கம்பெனி அமைத்தது. அதே ஆண்டு செப்டம்பரில் இங்கே புதுச்சேரியில் ஆளுநர் லூயி பொன்வேன், பிரெஞ்சிந்தியா தெகோல் பக்கம் என்று அறிவித்தார். லண்டன் கம்பெனி வளர்ந்து எஸ்.ஏ.எஸ்.ஸின் இரண்டு பிரெஞ்சு ரெஜிமென்டுகளாக ஆனது. 1944இல் பிரான்சின் பிரித்தானி பகுதியில் குதித்துப் போரிட்டு ஏராளமான ஆட்களை இழந்தது. மெரூன் பெரே அணியும் உரிமை அவர்களுக்கு அந்தச் சண்டைக்குப் பின் கிடைத்தது. ஆக, பிரான்சிலிருந்து டாங்கிக்காரர்கள் வழியாக இங்கிலாந்து போன ஆட்டிடையன் தொப்பி, கால் நூற்றாண்டு கழித்து நிறம் மாறிப் பிரான்சுக்கே திரும்பியது.

திரும்பியதும் அவர்கள் வழக்கப்படி இடப்பக்கம் சாய்த்துக்கொண்டார்கள். பிரெஞ்சுத் தரைப்படையில் பெரேயின் சின்னம் வலப்பக்கம்தான் இருக்கும். இதற்கு ஒரு விலக்கு உண்டு. பிரெஞ்சுக் கடற்படையின் கமாண்டோக்கள் பச்சை பெரேயை ஆங்கிலேயர் போல வலப்பக்கம் சாய்த்து, சின்னத்தை இடப்பக்கம் குத்துவார்கள். தாங்கள் பிரிட்டிஷ் கமாண்டோக்களோடு பயிற்சி எடுத்துப் பிறந்தவர்கள் என்பதை எண்பது ஆண்டுகளாகத் தலையைச் சாய்த்தே சொல்லிக்கொண்டிருக்கிறார்கள்.

பிரெஞ்சுப் பாராக்களின் சின்னம் ஒரு வலது கை. தோளிலிருந்து சிறகு முளைத்த கை, வாளைப் பிடித்திருக்கும். வானுலகப் படைத்தலைவரான புனித மிக்கேலின் கை அது. அவர்தான் பிரெஞ்சுப் பாராசூட் வீரர்களின் பாதுகாவலர். செப்டம்பர் 29 அவருடைய திருநாள். சம்மனசு மிக்கேல் என்றால் புதுச்சேரிக் கிறிஸ்தவக் குடும்பங்களுக்கு யாரும் விளக்கத் தேவையில்லை. பழைய காலனிப் படை வழி வந்த ரெஜிமென்டுகள் அந்தக் கையோடு ஒரு நங்கூரத்தையும் சேர்த்துக்கொள்ளும்.

எல்லாப் பிரெஞ்சுப் பாராக்களும் முதலிலிருந்தே சிவப்பு அல்ல. காலனிப் படையின் பாராக்கள் எஸ்.ஏ.எஸ். வாரிசு என்று சொல்லி மெரூன் அணிந்தார்கள். பிரான்ஸ் மண்ணின் ரெஜிமென்டுகள் வெகுகாலம் நீல பெரேதான் வைத்திருந்தன. 1950களின் பிற்பகுதியில்தான் எல்லோரும் ஒரே நிறத்துக்கு வந்தார்கள். வெளிநாட்டவரைச் சேர்க்கும் அந்நியப் படையின் (ஃபாரின் லீஜன்) பாராக்கள் மட்டும் அப்போதும் இப்போதும் பச்சை.

வியட்நாம் பகுதியில் பிரான்ஸ் நடத்திய இந்தோ-சீனப் போரில் புதுச்சேரி, காரைக்கால் சொல்தாக்கள் (சிப்பாய்கள்) பிரெஞ்சுச் சீருடையில் இருந்தார்கள் என்பது இங்கே பல வீடுகளின் குடும்ப வரலாறு. அந்தப் போரில் பெரேயின் குறை வெளிப்பட்டது. கம்பளித் துணி, வெயில் மறைக்க விளிம்பு கிடையாது, மழையில் நனைந்தால் கனக்கும். கடற்கரைச் சாலையில் நிற்கும் நம் போலீஸ்காரரின் சிவப்பு கெப்பிக்காவது கண்ணுக்கு மேல் ஒரு நாக்கு உண்டு. மார்செல் பிஜார் என்ற பாராசூட் பட்டாலியன் தளபதி, முன்னால் விளிம்பும் பின்னால் கழுத்தை மறைக்கும் துணியும் வைத்த ஒரு தொப்பியைத் தன் ஆட்களுக்குக் கொண்டுவந்தார். தியன் பியன் பூவில் 1954 மே 7 அன்று பிரெஞ்சுப் படை வீழ்ந்தபோது சிறைப்பட்டவர்களில் அவரும் ஒருவர். தொப்பி அவரோடு அல்ஜீரியாவுக்குப் போய், பிஜார் தொப்பி என்று பெயர் வாங்கியது.

அல்ஜீரிய விடுதலைப் போரில் சிவப்பு பெரேக்கு வேறு முகம் வந்தது. 1957இல் அல்ஜியர்ஸ் நகரைத் தளபதி மஸ்ஸூவின் 10ஆவது பாராசூட் டிவிஷனிடம் ஒப்படைத்தார்கள். வீடு வீடாகச் சோதனை, சித்திரவதை, காணாமல் போனவர்கள். பிரான்சில் ஒரு தலைமுறைக்கு அந்த நிறம் வீரத்தின் நிறமாக இருந்தது, இன்னொரு தலைமுறைக்கு அச்சத்தின் நிறமாக. 1961 ஏப்ரலில் நான்கு தளபதிகள், அப்போது குடியரசுத் தலைவராக இருந்த தெகோலுக்கு எதிராகக் கலகம் செய்தபோது முன்னணியில் நின்றது அந்நியப் படையின் முதலாவது பாராசூட் ரெஜிமென்ட். பாராக்கள் பாரிஸ் மீதே குதிக்கப் போகிறார்கள் என்று பிரதமர் வானொலியில் மக்களை விமானநிலையங்களுக்குப் போகச் சொன்ன இரவு அது. சில நாளில் கலகம் அடங்கியது. ரெஜிமென்ட் கலைக்கப்பட்டது. பாராக்களின் அடையாளமாகிவிட்ட 'சிறுத்தை' மறைவண்ணச் சீருடையையும் அடுத்த ஓரிரு ஆண்டில் அரசு திரும்பப் பெற்றுவிட்டது. துணியில்கூட அவர்கள் தனியாகத் தெரியக் கூடாது என்று முடிவெடுத்தார்கள். ஆனால் பெரேயில் கை வைக்கவில்லை.

இனி இந்தியப் பக்கம். 1941 அக்டோபரில் டெல்லியில் 50ஆவது இந்தியப் பாராசூட் பிரிகேட் அமைந்தது. பாராசூட்டில் முதலில் குதித்த இந்தியர்கள் இருவர்: மருத்துவ அதிகாரி ஏ.ஜி. ரங்கராஜ், ஹவில்தார் மேஜர் மதுரா சிங். முதல் இந்தியப் பாராசூட் வீரர்களில் ஒருவர் டாக்டர் என்பது எனக்குப் பிடித்த செய்தி. பத்து ஆண்டு கழித்து அதே ரங்கராஜ், லெப்டினன்ட் கர்னலாக 60ஆவது பாராசூட் கள மருத்துவப் பிரிவைக் கொரியாவுக்கு அழைத்துச் சென்றார். 1951 மார்ச் 23 அன்று முன்சானில் அமெரிக்கப் படையோடு சேர்ந்து அந்தப் பிரிவின் ஒரு சிறு குழு பாராசூட்டில் குதித்தது. மெரூன் பெரே அணிந்து காயம் கட்டியவர்களுக்கு 'மெரூன் தேவதைகள்' என்று பெயர். ரங்கராஜுக்கு மகாவீர் சக்ரா கிடைத்தது.

1947 பிரிவினையில் பாராசூட் பிரிகேடுகளையும் பங்கு பிரித்தார்கள். 50ஆவதும் 77ஆவதும் இந்தியாவுக்கு, 14ஆவது பாகிஸ்தானுக்கு. நிறத்தைப் பங்கு பிரிக்க முடியுமா? பாகிஸ்தானின் சிறப்புப் படை இன்றும் மெரூன்தான். வங்கதேசத்துப் பாரா கமாண்டோக்களும் மெரூன். இலங்கையின் கமாண்டோ ரெஜிமென்டும் மெரூன். பிரவுனிங் தம் ஆட்களைத் தனியாகக் காட்டத் தேர்ந்தெடுத்த நிறம், இந்தத் துணைக்கண்டத்தில் எதிரெதிராக நின்று சுட்டவர்கள் எல்லோர் தலையிலும் ஏறிவிட்டது. 1987 அக்டோபர் 11 இரவு யாழ்ப்பாணப் பல்கலைக்கழக வளாகத்தில் ஹெலிகாப்டரில் இறங்கியது இந்தியாவின் 10ஆவது பாரா கமாண்டோ. கூடவே சீக்கிய இலகு காலாட்படையின் ஒரு பிளட்டூன். அந்தப் பிளட்டூனில் ஒரே ஒருவர்தான் உயிரோடு மிஞ்சினார். அவரும் புலிகளிடம் பிடிபட்டார். இந்திய அமைதிப் படைக் காலத்தை யாழ்ப்பாணத்தில் கழித்தவர்களிடம் மெரூன் பெரேயைப் பற்றிக் கேட்டால் வருகிற பதில், இந்தியப் பாராக்களின் ஊரான ஆக்ராவில் வருகிற பதிலாக இருக்காது.

இந்தியாவின் இப்போதைய பாராசூட் ரெஜிமென்ட் 1952 ஏப்ரல் 15 அன்று ஆக்ராவில் உருவானது. பஞ்சாப், மராட்டா, குமாவோன் ரெஜிமென்டுகளிலிருந்து மூன்று பட்டாலியன்கள். பெரேயில் குத்தும் சின்னம், விரிந்த பாராசூட், இருபுறமும் சிறகு, நடுவே குத்துவாள். சீக்கியர்கள் பெரேக்குப் பதில் அதே மெரூனில் தலைப்பாகை கட்டி அதன்மேல் சின்னத்தைக் குத்துவார்கள். பிரிட்டிஷ்காரன் கொடுத்த நிறத்தை இவ்வளவு இயல்பாகச் சொந்தமாக்கிக்கொண்டது வேறு எங்கேயும் இல்லை என்பேன்.

பாரா சிறப்புப் படைக்காரர்களுக்கு மட்டும் இன்னொரு சின்னம் உண்டு. கீழ்நோக்கிய கத்தி, மேலெழும் சிறகுகள், தேவநாகரியில் 'பலிதான்' என்று ஒரு பட்டை. வலது மார்பில் அணிவார்கள். தமிழ்நாட்டில் பாதிப் பேருக்கு இது தெரிந்ததே தோனியால்தான். 2019 ஜூன் 5 அன்று சவுத்தாம்ப்டனில் தென்னாப்பிரிக்காவுக்கு எதிரான உலகக்கோப்பை ஆட்டத்தில் அவருடைய விக்கெட் கீப்பிங் கையுறையில் அந்தக் கத்தி தெரிந்தது. விதிப்படி அனுமதியில்லை, எடுத்துவிடுங்கள் என்றது ஐசிசி. தோனி பிராந்தியப் படையின் 106ஆவது பாரா பட்டாலியனில் 2011 முதல் கௌரவ லெப்டினன்ட் கர்னல். 2015இல் ஆக்ராவில் பயிற்சி எடுத்து ஐந்து முறை குதித்துப் பாராசூட் சிறகுச் சின்னம் வாங்கியவர். அதனால் சிறகு அவருக்கு முறைப்படி சொந்தம். பலிதான் வேறு, அது மாதக்கணக்கில் வடிகட்டும் சிறப்புப் படைத் தேர்வில் தேறியவர்களுக்கு. டிவி விவாதங்கள் தேசபக்தியா விதியா என்று கத்திக்கொண்டிருந்தன. பாரா ஆட்கள் தங்களுக்குள் பேசிக்கொண்டது இந்த இரண்டுக்கும் உள்ள இடைவெளியைப் பற்றித்தான்.

தொப்பிக்கும் சின்னத்துக்கும் மதிப்பு வருவது அணிந்திருப்பவனால் மட்டும் அல்ல, அணிய முடியாதவனாலும்தான். இதை அமெரிக்கா பட்டுத் தெரிந்துகொண்டது. அங்கே வில்லியம் யார்பரோ என்று ஓர் அதிகாரி. 1941இல் இளைஞராக இருந்தபோது அமெரிக்கப் பாராசூட் வீரர்களின் வெள்ளிச் சிறகுச் சின்னத்தை வரைந்தவர். இருபது ஆண்டு கழித்து ஜெனரலாக இருந்தபோது, 1961 அக்டோபர் 12 அன்று ஃபோர்ட் பிராக் முகாமுக்கு வந்த கென்னடியைப் பச்சை பெரே அணிந்து வரவேற்றார். அதுவரை அதை அணியக் கூடாது என்றுதான் ராணுவம் சொல்லிவந்தது. குடியரசுத் தலைவர் பார்த்து மெச்சிய பிறகு யார் தடுப்பது? அமெரிக்கப் பட்டாளத்தின் மிகப் பிரபலமான சின்னம், தொப்பி இரண்டுக்கும் பின்னால் ஒரே ஆள்.

அமெரிக்காவின் 82ஆவது வான்வழிப் படை டிவிஷன் 1973இல் மெரூனை எடுத்துக்கொண்டது. 1979இல் தலைமை அதைத் தடை செய்தது. வீரர்கள் முணுமுணுத்தார்கள், 1980இல் திருப்பிக் கொடுத்தது. பிறகு 2000இல் தரைப்படைத் தலைவர் ஷின்செகி, எல்லோருக்கும் கறுப்பு பெரே என்று அறிவித்தார். கறுப்பு அதுவரை ரேஞ்சர்கள் என்ற சிறப்புக் காலாட்படைக்கு மட்டும் உரியது. முன்னாள் ரேஞ்சர்கள் இருவர் ஜார்ஜியாவிலிருந்து வாஷிங்டன் வரை நடந்தே போய் எதிர்ப்புத் தெரிவித்தார்கள். அவசரத்தில் வாங்கிய பெரேக்களில் சீனாவில் தைத்தவையும் இருந்தது தெரியவந்து நாடாளுமன்றத்தில் ரகளை. அவற்றைத் திரும்பப் பெற்றார்கள். 2001 ஜூன் 14 அன்று தரைப்படை முழுக்கக் கறுப்பு அணிந்தது. ரேஞ்சர்கள் பழுப்புக்கு மாறினார்கள். பத்தே ஆண்டில், வேலைச் சீருடையோடு பெரே வேண்டாம், நாக்கு வைத்த தொப்பியே போதும் என்று ராணுவமே சொல்லிவிட்டது. வெயில் மறைக்கவில்லை, வேர்க்கிறது என்று சிப்பாய்கள் புலம்பினார்களாம். எல்லோர் தலையிலும் இருக்கும்போதுதான் அது வேர்க்கும் என்று தெரிகிறது. பாராக்கள் ஒருநாளும் அந்தப் புகாரைச் சொன்னதில்லை.

சோவியத் கதை சுருக்கமானது. அவர்களும் 1960களின் பிற்பகுதியில் செந்நிறத்தில் தொடங்கி, 1969இல் வானத்து நீலத்துக்கு மாறினார்கள். தளபதி மர்கெலோவ் காலத்து முடிவு. இன்றும் ஆகஸ்ட் 2 அன்று ரஷ்ய நகரங்களின் நீரூற்றுகளில் நீல பெரேயோடு இறங்கிக் குளிக்கும் முன்னாள் பாராக்களைச் செய்திகளில் பார்க்கலாம்.

என்.சி.சி.யில் இருந்தவர்களுக்குப் புது பெரே கொடுக்கும் தலைவலி தெரியும். வட்டத் தட்டு மாதிரி தலைமேல் நிற்கும். வெந்நீரில் முக்கி, பிழிந்து, ஈரத்தோடு அணிந்து, ஒரு பக்கம் இழுத்து நீவி, தலையிலேயே காய விட வேண்டும். சிலர் ரேசரால் மேல்நூலை மழித்து மழமழவென்று ஆக்குவார்கள். இப்படி ஒரு பக்கம் இழுத்துக் காய்ந்த பெரே மறுபக்கம் திரும்பாது. பழைய பெரே ஒன்று கைக்கு வந்தால் அது பிரெஞ்சா இந்தியாவா என்று சொல்ல இது ஒன்றே போதும். நெற்றிப்பட்டையில் சின்னம் குத்திய துளை வலப்பக்கமா இடப்பக்கமா என்று பாருங்கள். புதுச்சேரிப் பழம்பொருள் கடைகளில் இரண்டையும் மாற்றி மாற்றிப் பெயர் சொல்லி விற்கிறார்கள். கேட்டால் 'பழைய பிரெஞ்சு சார்' என்பார்கள். விலையும் அதற்கேற்ப இருக்கும்.

சொல்தா குடும்பங்களின் பெட்டிகளில் இருந்து வருபவற்றில் தொப்பியைவிடப் பயனுள்ளது பிரெஞ்சுப் பாராசூட் சிறகு. 1946 முதல் வழங்கப்படும் உலோகச் சின்னம் அது: நடுவே பாராசூட், இருபக்கமும் சிறகு. அதன் பின்பக்கத்தைத் திருப்பினால் ஓர் எண் பொறித்திருக்கும். ஆளுக்கு ஓர் எண். அவருடைய பட்டாள ஆவணங்களிலும் அதே எண் ஏறியிருக்கும். எண்ணே இல்லாத பளபளப்பான சிறகை யாராவது தாத்தாவுடையது என்று விற்றால் யோசித்து வாங்குங்கள். எண் இருந்தால், பெயர், பிறந்த தேதி, மத்ரிக்கூல் எண் (படைப் பதிவு எண்) இவற்றோடு சேர்த்துப் பிரான்சில் போ நகரத்தில் உள்ள ராணுவப் பணியாளர் ஆவணக் காப்பகத்துக்கு எழுதலாம். பென்ஷன், குடியுரிமை விவகாரங்களுக்காக இங்கிருந்து எழுதுபவர்களுக்குப் பழகிய முகவரிதான் அது. பிரான்சின் பாராசூட் பள்ளி இருப்பதும் அதே ஊரில். பெரே பிறந்த பிரனே மலையடிவாரமும் அந்தப் பக்கம்தான்.